சாக்கடைக்கு ஏற்ற கேமரா

பூச்சி சுவரில் இருப்பதாகத்தான் அவள் முதலில் நினைத்தாள்.

பேக்கரியின் பின்கட்டில், மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்து, கேமராவின் துளையில் கண்ணை வைத்தபோது, மேல் மூலையில் ஒரு கரப்பான் குஞ்சு நிதானமாக நடந்துகொண்டிருந்தது. இரண்டு படம் எடுத்தாள். கேமராவை அடுப்புப் பக்கம் திருப்பினாள். அங்கேயும் அதே மூலையில் அதே குஞ்சு. கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்தாள், அங்கேயும் நடந்தது. சந்தேகம் வந்து ஜன்னலுக்கு வெளியே வெறும் வானத்தைப் பார்த்தாள். வானத்தில் கரப்பான்பூச்சி நடந்தது.

கேமராவைத் தரையில் போடாமல் மேசையில் வைத்ததே அன்று அவள் செய்த பெரிய காரியம். வெளியே ஓடிப்போய், குழாயைத் திறந்து, வலது கண்ணை ஏழெட்டு முறை கழுவினாள். பூச்சி கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது, கண்ணைத் தொடவில்லை என்பதெல்லாம் புத்திக்குத் தெரிந்தது. இமைக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க அது துடித்துக்கொண்டே இருந்தது.

நகர சுகாதார அலுவலகத்தில் பதினோரு வருடமாக அவள் புகைப்படக்காரி. ஹோட்டல், விடுதி, கேன்டீன், பேக்கரி என்று ஊருக்குச் சமைத்துப் போடும் இடம் எதுவானாலும் ஆய்வாளரோடு போய், அவர் விரல் நீட்டும் மூலைகளையெல்லாம் படமெடுப்பது அவள் வேலை. மற்ற புகைப்படக்காரர்கள் மணப்பெண்ணையும் மலையையும் எடுப்பார்கள். இவள் கணினியைத் திறந்தால் பூஞ்சை படர்ந்த மாவு மூட்டை, எலிப் புழுக்கை கிடக்கும் அரிசித் தட்டு, ஒரே கத்தியால் மீனும் பழமும் வெட்டிய பலகை. சமையல்காரர்கள் அவளைப் "படக்காரம்மா" என்பார்கள். அவர்கள் வாயில் அது வசவுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல்.

கூடப் போகும் ஆய்வாளருக்கு அலுவலகம் முழுக்க "மூக்கு சார்" என்று பெயர். வாசற்படியில் நின்றபடியே, உள்ளே கொதிக்கும் எண்ணெய் எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுவார். கெட்ட வார்த்தை பேசாத, சிரிக்காத, வெளியே எங்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர்.

பழுது பார்ப்பவர் கேமராவைப் பிரித்துக் காட்டியபோது அவரும் அவளோடு இருந்தார். பேட்டரி சூட்டுக்கு அணைவாக, உலோகத் தகட்டின் மடிப்பில், ஒரு முட்டைக்கூடு. வெடித்துக் காலியான கூடு.

"குடும்பமே இருந்திருக்குங்க," என்றார் பழுது பார்ப்பவர், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. "ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டுப் பட்டு, மூட்டுலயெல்லாம் இடைவெளி விட்டிருக்கு. இனி இது தேறாது."

எத்தனை மாதமாக அந்தக் குடும்பத்தைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள்!

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். இவள் தட்டைத் தள்ளிவைப்பது அவருக்குப் பழகிப்போன ஒன்று. "கேமரா கண்ணுல பூச்சி விழுந்தா ஊதிவிட வேண்டியதுதானே," என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை என்று கண்டதும், தட்டை எடுத்து மூடிவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பேக்கரி மீதான விசாரணையில் மானம் கப்பலேறியது. பேக்கரியில் எடுத்த படங்கள் பதினொன்றிலும் ஒரு மூலையில் மங்கலான பழுப்புக் கறை. பேக்கரிக்காரரின் வக்கீல் அவற்றை வரிசையாக மேசையில் பரப்பினார். முன்கூடத்தில் மாட்டியிருந்த உரிமப் பலகையின் படத்திலும் கறை. சாட்சிக்காக எடுத்த மூக்கு சாரின் படத்தில், அது அவர் நெற்றியிலேயே உட்கார்ந்திருந்தது.

"கரப்பான்பூச்சியை எங்க கடைக்குக் கொண்டுவந்ததே இந்த அம்மாதாங்க," என்றார் வக்கீல். அறை முழுக்கச் சிரித்தது. இயந்திரத்துக்குப் பின்னால் நிஜமாகவே மொய்த்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பற்றி அதன்பிறகு அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழக்கு தள்ளுபடி.

மறுநாள் காலையில் பேக்கரிக்காரர் அலுவலகத்துக்கு ஒரு பெட்டி நிறைய கேக் அனுப்பினார். வருத்தம் எதுவும் இல்லை என்று காட்டவாம். துணை இயக்குநர்தான் பெட்டியைத் திறந்தார். ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். எழுத்தர், தட்டச்சுக்காரி, வாயில்காவலர் எல்லோரும்தான். அவர்களில் பாதிப் பேர் அந்தச் சமையலறையைப் பற்றிய அறிக்கையைப் படித்தவர்கள். துணை இயக்குநர் விரலில் ஒட்டிய கிரீமை நக்கியபடி அவளைப் பார்த்துச் சொன்னார்:

"புதுசா நல்ல கேமரா ஒண்ணு பாருங்கம்மா. என்ன வேணும்னு எழுதிக் கொடுங்க. இனிமே நமக்குத் தலைகுனிவு வரக்கூடாது."

அவர் மீசை நுனியிலும் கிரீம் இருந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "சரிங்க சார்," என்றாள்.

கேமராக் கடை குளிர்பதனத்தோடு, கண்ணாடியும் வெளிச்சமுமாக இருந்தது. கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"என்ன மாதிரிப் படம் எடுப்பீங்க மேடம்? இயற்கைக் காட்சியா, முகமா, பறவையா?"

"சாக்கடை," என்றாள் அவள்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. சரி, கலைஞர் போல என்று நினைத்தாரோ என்னவோ, கடையிலேயே பெரியதான ஒரு கேமராவை எடுத்து முன்னால் வைத்தார். கையில் வாங்கினாள், ஒரு செங்கல் கனம்.

"அம்பது மெகாபிக்சல். இந்த லென்ஸைப் போட்டா முகம் மட்டும் அப்படியே தூக்கி நிக்கும். பின்னாடி எல்லாம் மங்கிடும்."

"பின்னாடி இருக்கறதுதாங்க எனக்கு வேணும்."

பிறகு அவள் பொறுமையாகச் சொன்னாள். ஒரு கையில் டார்ச் இருக்கும். கேமரா மறு கையில் நிற்க வேண்டும். ரப்பர் கையுறையோடு பொத்தான் அகப்பட வேண்டும். ஃபிளாஷ் ஆகாது, எண்ணெய் படிந்த சுவரில் ஃபிளாஷ் பட்டால், படத்தில் அது புதிதாக மெழுகியது போலப் பளபளக்கும். ஆகவே அரை இருட்டிலும் புள்ளி விழாமல் எடுக்கிற சென்சார் வேண்டும். பின்பக்கத் திரை மடங்கி வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் தொட்டிக்கு அடியில் இருப்பதைப் பார்க்கத் தன் முகத்தையே அங்கே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூட்டுகளில் ரப்பர் அடைப்பு வேண்டும். ஆவி போகக்கூடாது, பிசுக்கு போகக்கூடாது, காலுள்ள எதுவும் போகக்கூடாது. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலும் தாங்க வேண்டும்.

"பின்னாடி மங்கக்கூடாதுன்னா இவ்வளவு பெரிய சென்சாரே உங்களுக்கு வேண்டாம் மேடம்," என்றார் விற்பனையாளர், இப்போது வேறொரு குரலில். "சின்ன சென்சார்ல முன்னும் பின்னும் சேர்ந்து தெளிவா விழும்." அலமாரித் தட்டிலிருந்து மூன்றை எடுத்தார். ஒன்றில் திரை மடங்கவில்லை. இன்னொன்றில் திரை மடங்கியது, ஆனால் பொத்தான்கள் கடுகு போல. மூன்றாவது, இரண்டு வருடத்துக்கு முந்தைய மாடல், பார்வைக்குச் சாதாரணம், ஆனால் கைக்கு அடக்கம். அவள் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினாள், திரையை வெளியே இழுத்தாள், யாரும் எதிர்பாராமல் கேமராவை அவருடைய மேசைக்கு அடியிலேயே நீட்டி நாலு படம் எடுத்தாள்.

திரையில் மேசையின் அடிப்பக்கம் துல்லியமாகத் தெரிந்தது. மென்று ஒட்டிய பபுள்கம் ஏழெட்டு, வெவ்வேறு வயதில். அவற்றில் ஒன்றில் ஒட்டிக்கொண்ட தலைமயிர். நகம் வெட்டிய துணுக்குகள். எப்போதோ சிந்திய குழம்பின் காய்ந்த வழிசல். விற்பனையாளரின் காது மடல் சிவந்துவிட்டது.

"நான் இல்லைங்க, எனக்கு முன்னால இருந்தவரு..."

"பரவாயில்லை. இதுதான் எனக்கு வேணும்," என்றாள். அவர் தண்ணீர் கொடுத்தார். வேண்டாம் என்றாள்.

அன்றே ஒரு பக்கத்தில் எழுதி, மாடல் பெயரோடு, துணை இயக்குநரின் மேசையில் வைத்தாள். மூக்கு சாரும் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். ஆறு வாரம் கழித்துப் பெட்டி வந்தது. பெட்டியின் கனத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க கேட்டதைவிட ஒசத்தியா வாங்கியிருக்கேன்," என்றார் துணை இயக்குநர். "அம்பது மெகாபிக்சல். முகம் எடுக்கறதுக்குன்னே தனி லென்ஸ்."

"சார், நான் எடுக்கறது முகம் இல்லையே?"

"எல்லாம் கேமராதானேம்மா. பெருசுல எடுத்தா சின்னது தெரியாமப் போயிடுமா?"

அதோடு பேச்சு முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு போனாள். முதல் ஆய்வு ஒரு மாணவர் விடுதி. திரை அசையவில்லை. அவள் தரையில் படுத்து, வடிகால் விளிம்பில் தாடையை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்க வேண்டியிருந்தது. மேலேயிருந்து புகைபோக்கியின் கொழுப்பு ஒரு சொட்டு அவள் பிடரியில் விழுந்து, முதுகுப் பள்ளத்தில் மெதுவாக இறங்கியது. அத்தனையும் பட்டு எடுத்த படத்தை மூக்கு சார் அலுவலகத்தில் பார்த்தார்.

"மீசை மட்டும் தெளிவா இருக்கு. ஆளைக் காணோம்," என்றார். நிஜம்தான். கரப்பானின் ஒரு மீசை கூர்மையாக விழுந்திருந்தது. உடம்பும் வடிகாலும் பஞ்சு மிட்டாய் போலக் கரைந்திருந்தன.

வெள்ளிக்கிழமை மாலை கேமரா துணை இயக்குநரோடு வீட்டுக்குப் போனது. "சோதிச்சுப் பார்க்கணும்" என்றார். அடுத்த வெள்ளியும் சோதித்தார். அதற்கடுத்த வெள்ளியும். மூன்றாவது திங்கட்கிழமை அவள் கேமராவை எடுத்தபோது ஷட்டர் பொத்தான் அமுங்கவில்லை. பார்த்தால், பொத்தானைச் சுற்றி வெள்ளையாக ஏதோ காய்ந்து விளிம்பு கட்டியிருந்தது. முகர்ந்தாள். கிரீம். பிடியின் ரப்பர் வரிகளிலும் அதே பிசுக்கு. யாருடைய கட்டைவிரல் ரேகையோ அதில் பதிந்து காய்ந்திருந்தது. பஞ்சில் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் துடைத்தாள். கேமராவில் பட்ட சாக்கடையைத் துடைத்தபோது வராத அருவருப்பு இதைத் துடைத்தபோது வந்தது.

மெமரி கார்டு உள்ளேயே இருந்தது. காலியாக்குவதற்கு முன் என்ன இருக்கிறது என்று கணினியில் திறந்தாள். பிறந்தநாள் விழா. துணை இயக்குநரின் பேத்திக்கு முதல் வயது. பேக்கரியின் மாடிக் கூடம் அது; சுவர் வண்ணத்தை அவள் மறக்கவில்லை. ஒரு படத்தில் பேக்கரிக்காரரும் துணை இயக்குநரும் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார்கள். ஆக, பேக்கரிக்காரர் பக்கம் நின்றது விசாரணையில் சிரித்தவர்கள் மட்டுமல்ல.

எரிச்சலோடு படங்களைத் தள்ளிக்கொண்டே போனவள் ஒன்றில் நின்றாள். குழந்தையின் முகம். யாரோ ஸ்பூனில் கேக் ஊட்டுகிறார்கள். அது வாயைத் திறந்துகொண்டு, ஒரே ஒரு பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. நல்ல படம் என்று அவளுக்குள் இருந்த புகைப்படக்காரி ஒப்புக்கொண்டாள். கூர்மை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்கப் பெரிதாக்கினாள். கூர்மை கண்ணில் விழவில்லை, ஸ்பூனில் விழுந்திருந்தது. கிரீமில் ஒரு பழுப்புக் கீற்று. இன்னும் பெரிதாக்கினாள்.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மூக்கு சார் வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரைக்கு அருகே குனிந்தார். "கரப்பான் பின்னங்கால்," என்றார். "முள்ளு எண்ணிடலாம் போல இருக்கு." பிறகு, "அடுத்த படத்தில ஸ்பூன்?" என்று கேட்டார்.

அடுத்த படத்தில் ஸ்பூன் காலி. குழந்தை மென்றுகொண்டிருந்தது.

அவளுக்குக் கண் கலங்கியது. யார் பேத்தியாக இருந்தால் என்ன, பால் பல் ஒன்று முளைத்த வாய். காட்டுவதா, அழித்துவிடுவதா? தின்றது தின்றாயிற்று, காட்டி என்ன ஆகப்போகிறது என்று ஒரு மனசு சொன்னது. அந்தக் கூடத்தின் கீழே அதே அடுப்பில் இன்றும் வெந்துகொண்டிருக்கிறதே என்று இன்னொரு மனசு சொன்னது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே துணை இயக்குநர் அறைக்குப் போனாள்.

படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா! ஒத்தைப் பல்லுகூட எப்படித் தெரியுது. இதுக்குத்தான் சொன்னேன்."

"ஸ்பூனைப் பெருசு பண்ணிப் பாருங்க சார்."

பண்ணினார். "என்ன இது, திராட்சைக் காம்பா?"

"காம்புக்கு முள்ளு இருக்காது சார்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இன்னும் பெரிதாக்கினார், சுருக்கினார், மறுபடி பெரிதாக்கினார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து அறைக் கழுவுதொட்டிக்கு ஓடினார். சத்தம் கேட்டது. அவரும் இரண்டு துண்டு தின்றிருப்பார், இல்லை, மூன்று. திரும்பி வந்தபோது சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது.

"இதை வேற யாராவது பார்த்தாங்களா?" என்றார்.

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அதற்குப் பிறகுதான் கைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினார். "பாப்பா எப்படி இருக்கு? ...வயிறு? ...சும்மாதான் கேட்டேன்." வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். குழந்தை நன்றாக இருந்தது.

"நாளைக்கே போங்க. அந்த ஆளை விடக்கூடாது. என் பேத்திக்கே..."

"நாலு மாசமா ஊரே அங்கதானே சார் வாங்கித் தின்னுது," என்றாள் அவள். "பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்துதான் பன் போகுது. அறிக்கையில எழுதியிருந்தேன்."

"அது வேறம்மா."

கூச்சமே இல்லாமல் சொன்னார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினோரு வருடத்தில் எத்தனையோ மூடியைத் திறந்து பார்த்திருக்கிறாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறாள். இங்கிருந்தும் ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் ஓடவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள். பழைய தாளின் நகல்தான்.

"இந்தக் கேமராவோட நான் அங்க போகமாட்டேன் சார். போன தடவை கேமராவாலதான் தோத்தோம். நான் கேட்டதை வாங்கிக் கொடுங்க."

"இப்பதானே ஒண்ணு..."

"இது உங்களுக்குப் பொருத்தமா இருக்கு சார். எனக்கு இல்லை."

அவர் பேனாவைத் தேடினார். கையெழுத்துப் போடும்போது தலை நிமிரவில்லை. போன தடவை ஆறு வாரம் ஆன காரியம் இரண்டே நாளில் முடிந்தது. அன்று அவள் அறையை விட்டுப் போகும்போது அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அந்தப் படத்தை... ஸ்பூனை வெட்டிட்டு முகம் மட்டும் வர்ற மாதிரி ஒரு பிரிண்ட் போட முடியுமா? அவ அம்மா கேட்டுக்கிட்டே இருக்கா."

"முடியாது சார்," என்றாள். பதினோரு வருடத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் முடியாது அது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர்கள் பேக்கரிக்குள் நுழைந்தார்கள். அவள் கையுறை மாட்டி, திரையை வெளியே மடக்கி, இயந்திரத்துக்குப் பின்னால் கையை மட்டும் நீட்டினாள். முகம் ஒரு முழம் தள்ளியே இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் சுவர் நகர்வது போலத் தெரிந்தது. அது சுவர் இல்லை. ஷட்டர் சத்தமே இல்லை. அவை ஓடவில்லை. மீசை, கால், உடம்பு, பின்னால் பிசைந்து வைத்த மாவு, மாவின் மேல் நடந்த தடம், எல்லாம் ஒரே படத்தில் தெளிவாக விழுந்தன. கிரீம் வாளியின் மூடியைத் தூக்கியதும் மூக்கு சார் இரண்டடி பின்வாங்கினார். அவர் பின்வாங்கி அவள் அதுவரை பார்த்ததில்லை. அறுபத்து மூன்று படம் எடுத்தாள். முன்னெச்சரிக்கையாக வெளியே போய், வெறும் வானத்தையும் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அதில் ஒன்றும் நடக்கவில்லை.

பேக்கரிக்காரர் அதற்குள் கத்த ஆரம்பித்திருந்தார். "உங்க சார் பேத்தி பொறந்தநாளே இங்கதான் நடந்துச்சு! கேக்கு, கூடம், எல்லாம் நான் சும்மா கொடுத்தது! அவரைக் கேளுங்க!"

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க," என்றார் மூக்கு சார், பேனாவைத் திறந்தபடி. "என்னைக்கு நடந்துச்சு?" ஆத்திரத்தில் பேக்கரிக்காரர் தேதியும் சொன்னார். மூக்கு சார் அதையும் எழுதிக்கொண்டார்.

இந்தத் தடவை வக்கீல் படங்களைப் பரப்பவில்லை. முதல் படத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், மூன்றாவதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டார். பேக்கரிக்குப் பூட்டு விழுந்தது. பிறந்தநாள் கேக்கைப் பற்றி மூக்கு சார் எழுதிய வரி மேலிடத்துக்குப் போனது. மேலிடம் விளக்கம் கேட்டது. துணை இயக்குநர் விளக்கம் கொடுத்தார். அது ஏற்கப்பட்டது.

மாதாந்தரக் கூட்டத்தில் அவர் எழுந்து பேசினார். தகுந்த கருவியைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு முக்கியம் என்றார். அலுவலகத்தின் தேவை என்ன என்று யோசித்து, பல மாடல்களை ஒப்பிட்டுப் பார்த்துத் தானே இந்தக் கேமராவைத் தேர்வு செய்ததாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எழுத்தர் பிஸ்கட் தட்டைச் சுற்றுக்கு விட்டார். வேறொரு பேக்கரியிலிருந்து வந்ததாம், அன்பளிப்பு. கைகள் நீண்டன.

தட்டு அவளிடம் வந்தது. அவள் அதைத் தொடாமல் எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தாள். மூக்கு சார் ஏற்கெனவே வாசலில் நின்று வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"எந்தப் பேக்கரியாம்?" என்றார்.

"கேட்கலை சார்."

"நான் கேட்டுட்டேன். முதல்ல அங்கேயே போயிடலாம்."

அவள் கையுறைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.